அப்பா விட்டுச் சென்ற பங்குகளின் ஈவுத்தொகை: மறுபடியும் பங்காக்குவதா, பணமாக வாங்குவதா?

வெருலம் மகள் | 9 ஜூலை 2024

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 2022இல் காலமானார். வாரிசுச் சொத்துக் கணக்குகள் எல்லாம் முடிந்து, அவருடைய பங்குகள் சென்ற ஆண்டு என் பெயருக்கு மாறின. தென்னாப்பிரிக்காவின் காப்பீட்டு நிறுவனங்களான சன்லாம் 1998இலும் ஓல்ட் மியூச்சுவல் 1999இலும் பங்குச் சந்தைக்கு வந்தபோது பாலிசி வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகப் பங்குகள் கொடுத்தார்கள். டர்பன் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பங்குச் சந்தை அறிமுகமானதே அப்படித்தான். அப்பா அவற்றை விற்கவே இல்லை. 2018இல் ஓல்ட் மியூச்சுவல் பிரிந்தபோது மூன்று பங்குக்கு ஒன்று என்ற கணக்கில் குவில்டர் என்ற முதலீட்டு மேலாண்மை நிறுவனத்தின் பங்குகளும், அதன் பிறகு கொஞ்சம் நெட்பேங்க் வங்கிப் பங்குகளும் வந்து சேர்ந்தன. இன்றைய விலையில் எல்லாம் சேர்ந்து சுமார் 2 இலட்சத்து 80 ஆயிரம் ரேண்ட் இருக்கும்.

நிறுவனங்கள் தம் இலாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையின் சீட்டுகளை அப்பா ஒரு பேக்கர்ஸ் பிஸ்கட் டப்பாவில் ஆண்டுவாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் அந்தப் பணம் எதற்குப் போனது என்று நீல மையில் எழுதியிருக்கிறார்: "பள்ளிக்கூட யூனிஃபார்ம்", "கூரைத் தகடு", "ஆயாவுக்குக் கண் ஆபரேஷன்". மாற்றாமல் விட்ட காசோலை ஒன்றும் இருந்தது. 214 ரேண்ட் 60 சென்ட்.

எனக்கு 47 வயது. சென்ற ஆண்டு வந்த ஈவுத்தொகை 18,000 ரேண்ட். வரி போகக் கையில் கிடைத்தது 14,400. வீட்டுக் கடன், அதாவது நாம் பாண்ட் என்று சொல்வது, இன்னும் 6 இலட்சம் ரேண்ட் பாக்கி இருக்கிறது. 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் ஈவுத்தொகையை வைத்து மேலும் பங்கு வாங்குவதா, பணமாக எடுத்துக்கொள்வதா என்று பங்குத் தரகர் கேட்கிறார். என் அண்ணன் "வாங்கிப் போடு, வளரும்" என்கிறார். அப்பாவோ கடைசிவரை பணமாகவே வாங்கினார். விவரம் அறிந்தவர்கள் கணக்கோடு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மெரிபேங்க் கணித ஆசிரியர் | 9 ஜூலை 2024

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். மறுபடியும் பங்கு வாங்கினால் ஈவுத்தொகை வரி மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், மிச்சமாகாது. 2012 ஏப்ரலில் 15 விழுக்காடாகத் தொடங்கி 2017 பிப்ரவரியில் 20 விழுக்காடாக உயர்ந்த அந்த வரி, பணம் உங்களிடம் வருவதற்கு முன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு அதை வைத்து நீங்கள் பங்கு வாங்கினாலும் காய்கறி வாங்கினாலும் சார்ஸ் எனும் வரித்துறைக்கு ஒன்றுதான்.

இரண்டாவது செய்தி, ஈவுத்தொகை பங்கின் விலைக்குள்ளிருந்தே வருகிறது. ஜோகன்னஸ்பர்க் சந்தையில் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை ஈவுத்தொகை உரிமையோடு வாங்கும் கடைசி நாள். புதன்கிழமை முதல் பங்கு உரிமையில்லாமல் விற்பனையாகும். வெள்ளிக்கிழமை பதிவேட்டைப் பார்ப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை பணம் வரும். 100 ரேண்ட் பங்கு 5 ரேண்ட் ஈவுத்தொகை அறிவித்திருந்தால், வேறு செய்தி எதுவும் இல்லாத நிலையில், அந்தப் புதன்கிழமை காலையில் விலை ஏறக்குறைய 95 ஆக இருக்கும். ஆகவே பணமாக எடுத்துச் செலவழிப்பவர் தம் முதலீட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் செலவழிக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அது தவறு என்று நான் சொல்லவில்லை. தெரிந்து செய்ய வேண்டும் என்கிறேன்.

இப்போது அண்ணன் சொல்லும் வளர்ச்சியைக் கணக்கிடுவோம். 2 இலட்சம் ரேண்ட் பங்கு, வரி போக 4.8 விழுக்காடு ஈவுத்தொகை, விலை ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை என் அனுமானங்கள். சந்தை இவற்றுக்குக் கட்டுப்பட்டதன்று. எல்லா ஈவுத்தொகையையும் மறுபடி முதலீடு செய்தால் 20 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 12 இலட்சத்து 97 ஆயிரம் ஆகும். பணமாக எடுத்தால் பங்குகளின் மதிப்பு 5 இலட்சத்து 30 ஆயிரம், இருபது ஆண்டுகளில் கையில் வாங்கியது 3 இலட்சத்து 17 ஆயிரம், ஆக மொத்தம் 8 இலட்சத்து 47 ஆயிரம். இடைவெளி 4 இலட்சத்து 50 ஆயிரம். முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் கணக்காளர் | 10 ஜூலை 2024

ஆசிரியர் ஐயாவின் கணக்கு சரி. ஆனால் பணமாக எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார் என்று அவர் கொண்டிருக்கிறார். இந்தச் சகோதரிக்கு 6 இலட்சம் ரேண்ட் கடன் இருக்கிறது என்பதே இங்கே தலையாய செய்தி.

வங்கிகள் கடனுக்கு அடிப்படையாகக் கொள்ளும் முதன்மை வட்டி இந்த 2024 ஜூலையில் 11.75 விழுக்காடு. உங்கள் பாண்டும் அதே வட்டியில் இருப்பதாகக் கொண்டால், அதில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரேண்டும் 11.75 விழுக்காட்டு வட்டியை மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சத்துக்கு வரி கிடையாது, சந்தை இறக்கமும் கிடையாது. நீங்கள் 31 விழுக்காட்டு வருமான வரிப் படியில் இருந்தால், விலக்கு வரம்புக்கு மேலே வரும் வைப்புநிதி வட்டியில் இதே பலனைப் பெற வங்கி உங்களுக்கு 17 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தர வேண்டியிருக்கும். ஐயா எடுத்துக்கொண்ட பங்கு வளர்ச்சியோ, எல்லாம் நன்றாக நடந்தால், 9.8 விழுக்காடு.

6 இலட்சத்துக்கு 15 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 7,105 ரேண்ட் வரும். 14,400 ரேண்டை மாதத்துக்கு 1,200 என்று பிரித்து அதனுடன் சேர்த்துக் கட்டினால், வட்டி மாறாதவரை, கடன் பத்தரை ஆண்டுகளில் முடிந்துவிடும். நாலரை ஆண்டுத் தவணையும், சுமார் 2 இலட்சத்து 30 ஆயிரம் ரேண்ட் வட்டியும் மிச்சம். சன்லாம் ஆண்டுக்கு ஒருமுறையும் ஓல்ட் மியூச்சுவல் இருமுறையும் தருவதால் கணக்கு சற்று முன்பின்னாகும்; பெரிதாக மாறாது. அக்சஸ் பாண்டாக இருந்தால், மகளின் கட்டணத்துக்கு அவசரமாகத் தேவைப்படும்போது கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

கடன் உள்ளவரை பணமாக எடுங்கள், எடுத்த அன்றே பாண்டில் போடுங்கள் என்பதே என் கருத்து. அன்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன். என்னிடம் கணக்குக் காட்ட வருபவர்களில் பலர் மறுமுதலீடும் செய்வதில்லை, கடனும் அடைப்பதில்லை. ஈவுத்தொகை தரகர் கணக்கில் பெயரளவு வட்டியோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. விவாதிக்கப்படும் இரண்டு வழிகளையும்விட அதுதான் அதிக நட்டம் தருகிறது.

மிட்ராண்ட் நிரலாளர் | 10 ஜூலை 2024

அக்கா, நான் சென்னையிலிருந்து வந்து இங்கே ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மூன்றாவது வழி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2015 மார்ச்சில் வந்த வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இருக்கும் முதலீடுகளுக்கு ஈவுத்தொகை வரியும் இல்லை, விற்று வரும் இலாபத்துக்கான மூலதன ஆதாய வரியும் இல்லை. 2024 நிலவரப்படி ஆண்டுக்கு 36,000 ரேண்ட், வாழ்நாளில் 5 இலட்சம் ரேண்ட் வரை போடலாம். அந்தக் கணக்குக்குள் வரும் ஈவுத்தொகையை அங்கேயே மறுமுதலீடு செய்தால் அது இந்த வரம்புகளில் சேராது. ஆகவே அங்கே பணமாக எடுப்பதற்குக் காரணமே இல்லை என்பது என் எண்ணம்.

அதில் நான் செய்த தவறை மற்றவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். மாதம் 3,000 வீதம் என் 36,000 தானாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கணக்கில் சேர்ந்திருந்த ஈவுத்தொகை 2,150 ரேண்டை வெளியே எடுத்தேன். செலவாகவில்லை. பிப்ரவரியில் அதே 2,150ஐத் திரும்பப் போட்டேன். என் பணத்தை என் கணக்கில் வைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். சட்டத்தின் பார்வையில் அது புதிய வைப்பு. ஆண்டு வரம்பை 2,150 தாண்டியதால், அதில் 40 விழுக்காடு, 860 ரேண்ட், அபராதமாகப் போனது. அதைவிட எனக்கு வருத்தம், வாழ்நாள் வரம்பில் ஒரு சிறு பகுதியை வீணாகச் செலவழித்துவிட்டேன் என்பதுதான்.

அப்பாவின் பங்குகளை அப்படியே அந்தக் கணக்குக்கு மாற்ற இயலாது. ரொக்கமாகத்தான் போட முடியும். ஆனால் விற்றுப் போடலாம். இறந்த நாளின் சந்தை விலையே உங்களுக்கு அடக்கவிலை (நீங்கள் வாங்கிய விலையாகக் கொள்ளப்படுவது) என்பதால் ஆதாயம் குறைவாகத்தான் இருக்கும். 2024 நிலவரப்படி ஆண்டுக்கு 40,000 ரேண்ட் ஆதாயம் வரை வரியும் இல்லை.

டோங்காட் அம்மா | 11 ஜூலை 2024

பிள்ளைகளே, எனக்கு 71 வயது. என் கணவர் இறந்த பிறகு ஈவுத்தொகையை வாங்கித்தான் குடும்பம் நடத்துகிறேன். இளம் வயதில் மறுமுதலீடு செய்ததால்தான் இன்று எடுக்க முடிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணமாக வாங்கி வாழ்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று இருக்கிறது.

2020 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வை ஆணையம், கொரோனா காலம் என்பதால் சாதாரணப் பங்குகளுக்கு ஈவுத்தொகை தர வேண்டாம் என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. என் பங்குகளில் பாதிக்கு மேல் வங்கிகள். மீதியில் பெரும்பங்கு எரிபொருள், வேதிப்பொருள் நிறுவனமான சாசோல். எண்ணெய் விலை சரிந்த அந்த மார்ச்சில் சாசோல் பங்கு 30 ரேண்டுக்கும் கீழே போயிற்று; ஈவுத்தொகையும் நின்றிருந்தது. 2022 ஆகஸ்டில் பங்குக்கு 14.70 ரேண்ட் அறிவிக்கும்வரை எனக்கு அங்கிருந்து ஒரு சென்ட் வரவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் வரும் பணத்தை நம்பி நான் நகராட்சிக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுவது வழக்கம். 2020 செப்டம்பரில் என் வங்கிக் குறுஞ்செய்தியில் வந்தது மாதக் கட்டணம் பிடித்த செய்தி மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் செய்துகொண்ட ஏற்பாடு இது: ஈவுத்தொகை வந்ததும் செலவுக்கு எடுக்காமல் மணி மார்க்கெட் கணக்கில் போடுகிறேன்; அங்கிருந்து மாதாமாதம் சம்பளம் போல எடுத்துக்கொள்கிறேன். எப்போதும் ஓராண்டுச் செலவு அங்கே இருக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 34,500 ரேண்ட் வரை வட்டிக்கு வரி இல்லாததால் அந்த வட்டி முழுவதும் என்னுடையது. பங்கை மட்டும் விற்பதில்லை. பால் குடிக்க ஆசைப்பட்டுப் பசுவை விற்கக் கூடாது என்பார் என் கணவர்.

மெரிபேங்க் கணித ஆசிரியர் | 11 ஜூலை 2024

அம்மா, உங்கள் ஏற்பாட்டை மதிக்கிறேன். ஆனாலும் பசு, பால் என்ற உவமையோடு எனக்கு உடன்பாடில்லை. பால் கறந்தால் பசுவின் எடை குறைந்தே தீரும்; நான் மேலே காட்டிய புதன்கிழமை விலை இறக்கம் அதுதான். உங்களுக்கு 10,000 ரேண்ட் வேண்டுமென்றால், ஈவுத்தொகையாக வந்தால் 2,000 வரி போகும். அதே 10,000க்குப் பங்கு விற்றால், அதில் ஆதாயம் 4,000 என்று வைத்துக்கொண்டாலும், அது 40,000 விலக்குக்குள் அடங்கிவிடுவதால் வரி சுழியம். விலக்கைத் தாண்டினால்கூட ஆதாயத்தில் 40 விழுக்காடுதான் வருமானத்தில் சேரும்.

டோங்காட் அம்மா | 11 ஜூலை 2024

ஐயா, 2020 மார்ச்சில் சாசோலை விற்றிருந்தால் பத்தாயிரம் ரேண்டுக்கு எத்தனை பங்கு விற்க வேண்டியிருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காகிதத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். தனியாக இருக்கும் ஒரு கிழவிக்கு, எப்போது விற்பது, எவ்வளவு விற்பது என்று ஒவ்வொரு மாதமும் தீர்மானிக்கும் பாரம் இல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த 2,000ஐ நான் அதற்குக் கொடுப்பதாகவே நினைக்கிறேன்.

மெரிபேங்க் கணித ஆசிரியர் | 11 ஜூலை 2024

அதை என் சூத்திரத்தில் எழுத முடியவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. ஒப்புக்கொள்கிறேன் அம்மா.

பீட்டர்மரிட்ஸ்பர்க் கணக்காளர் | 12 ஜூலை 2024

அம்மாவுக்கு ஒரு கூடுதல் செய்தி. ஈவுத்தொகை வரி எல்லாருக்கும் ஒரே 20 விழுக்காடு. வருமான வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கும் அது திரும்பக் கிடைக்காது. ஆனால் ரீட் எனப்படும் சொத்துமனை நிறுவனங்களின் ஈவு, இந்நாட்டில் வசிப்பவர்களுக்கு அந்த 20 விழுக்காட்டுக்கு உட்படாமல் சாதாரண வருமானமாகச் சேர்கிறது. 65 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்கு 2024/25 வரி ஆண்டில் 1,48,217 ரேண்ட் வரை வருமான வரி இல்லை. எனவே வருமானம் குறைந்த முதியவருக்கு ரீட் ஈவு வரியில்லாமலே கிடைக்கக்கூடும். 41 விழுக்காட்டுப் படியில் இருக்கும் மருத்துவருக்கோ அதே ஈவு இரு மடங்கு வரி வைக்கும். இதற்கு உங்கள் தரகரிடம் வரி விலக்குப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 20 விழுக்காட்டைப் பிடித்துவிடுவார்கள்.

வெருலம் சகோதரிக்கு: "பங்காக வாங்குகிறீர்களா" என்று நிறுவனங்கள் கேட்கும்போது அதில் இரண்டு வகை உண்டு, கடிதத்தைக் கூர்ந்து படியுங்கள். ஒன்றில், ஈவுத்தொகை அறிவித்து, வரி பிடித்து, மீதியைக் கொண்டு உங்களுக்குப் பங்கு வாங்குகிறார்கள். வாங்கிய விலை உங்கள் அடக்கவிலை. மற்றொன்றில், ஈவுத்தொகைக்குப் பதிலாகப் புதிய பங்குகளையே தருகிறார்கள். அப்போது ஈவுத்தொகை வரி இல்லை, ஆனால் அந்தப் பங்குகளின் அடக்கவிலை சுழியம். பின்னாளில் விற்கும்போது முழுத் தொகையும் ஆதாயமாகக் கணக்கிடப்படும். இருபது ஆண்டுகள் கழித்து விற்பவரின் பிள்ளைகள் இந்தக் கடிதம் இல்லாமல் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவைப் போல ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

மிட்ராண்ட் நிரலாளர் | 12 ஜூலை 2024

கட்டணத்தையும் பார்க்க வேண்டும் அக்கா. பழைய பாணித் தரகர்களிடம் ஒரு பரிவர்த்தனைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 100 ரேண்ட் என்று இருந்தால், 1,100 ரேண்ட் ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்யும்போது அதில் 9 விழுக்காடு முதல் நாளே போய்விடும். அதாவது அப்படி வாங்கும் பங்குகள் ஓராண்டில் தரும் ஈவுத்தொகையைவிடவும் அதிகம். ஈசி ஈக்விட்டீஸ் போன்ற தளங்களில் பங்கின் ஒரு பின்னத்தைக்கூட வாங்கலாம் என்பதால் சிறு தொகைக்கு அவை பொருந்தும்.

மறுமுதலீடு என்றால் அதே பங்கையே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. உங்களிடம் இருப்பவை எல்லாம் காப்பீடும் வங்கியும், ஒரே துறை. டோங்காட் அம்மாவுக்கு 2020இல் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பணத்தில் 2000ஆம் ஆண்டு முதல் இருக்கும் சாட்ரிக்ஸ் 40 போன்ற குறியீட்டு நிதியை வாங்கினால் நாற்பது பெரிய நிறுவனங்களில் பங்கு கிடைக்கும். அது காலாண்டுதோறும் ஈவு தருகிறது. சாட்ரிக்ஸின் எம்எஸ்சிஐ உலக நிதி கையில் ஈவு தராமல் உள்ளேயே மறுமுதலீடு செய்துகொள்கிறது. எடுப்பதா விடுவதா என்று யோசிக்க வேண்டிய தேவையே அங்கே எழாது.

வெருலம் மகள் | 15 ஜூலை 2024

நீங்கள் எழுதிய அனைத்தையும் அச்செடுத்து, சனிக்கிழமை மாலை அண்ணனோடும் மகளோடும் உட்கார்ந்து படித்தேன். அண்ணன் கணக்காளர் ஐயாவின் நாலரை ஆண்டுகளைத் தானே மறுபடி போட்டுப் பார்த்து, சரிதான் என்றார்.

எங்கள் தீர்மானம் இது. கடன் முடியும்வரை ஈவுத்தொகை முழுவதும் பணமாக வந்து நேராகப் பாண்டுக்குப் போகும். குவில்டர் பங்குகள் குறைவுதான். அவற்றை விற்று மகளின் பெயரில் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, உள்ளேயே வளரும் நிதியில் போடுகிறோம். அவளுக்கு 20 வயது. ஆசிரியர் ஐயாவின் இருபது ஆண்டுக் கணக்கு அவளுக்குத்தான் பொருந்தும். மிட்ராண்ட் தம்பியின் 860 ரேண்ட் கதையை அவள் இரண்டு முறை படித்தாள்.

இன்னொரு செய்தி. அந்த 214 ரேண்ட் காசோலையைப் பற்றிப் பங்குப் பதிவாளரிடம் விசாரித்தபோது, அப்பாவின் பழைய வங்கிக் கணக்கு மூடப்பட்ட பிறகு அனுப்பிய நான்கு ஈவுத்தொகைகளும் திரும்பி வந்து அங்கேயே கிடப்பதாகத் தெரிந்தது. வட்டி எதுவும் சேரவில்லை. இறப்புச் சான்றிதழ், நிறைவேற்றாளர் நியமனக் கடிதம், வங்கிக் கணக்கை உறுதிப்படுத்தும் கடிதம் மூன்றையும் நேற்று முன்தினமே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். உங்கள் பெற்றோர் பெயரிலும் 1998, 1999 காலத்துப் பங்குகள் இருந்தால், முகவரியும் வங்கிக் கணக்கும் சரியாக இருக்கின்றனவா என்று தயவுசெய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கணக்காளர் ஐயாவிடம் கடைசியாக ஒரு கேள்வி: பாண்டில் கூடுதலாகப் போடும்போது வங்கியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?

பீட்டர்மரிட்ஸ்பர்க் கணக்காளர் | 15 ஜூலை 2024

சொல்ல வேண்டும் சகோதரி. கூடுதல் தொகை வந்ததும் சில வங்கிகள் மாதத் தவணையைக் குறைத்துவிடும்; ஆண்டுகள் அப்படியே இருக்கும், நான் காட்டிய மிச்சத்தில் பெரும்பகுதி வராது. தவணை 7,105 ஆகவே இருக்கட்டும், காலம் குறையட்டும் என்று எழுத்தில் கொடுத்து, அவர்களுடைய பதிலையும் எழுத்தில் வாங்கி அந்த டப்பாவில் வையுங்கள். முதல் தொகை போன பிறகு வரும் பாண்ட் அறிக்கையில் மீதமுள்ள மாதங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது குறையாமல் இருந்தால் மறுநாளே கிளைக்குப் போய்விடுங்கள்.